சீட்டுக்கு அடியில் ரெண்டு ஒயர்

முடியாதுங்க. வேற எந்த வேலை வேணாலும் சொல்லுங்க, இப்பவே செஞ்சு தாரேன். டைரக்ட் மட்டும் கேக்காதீங்க.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. கடைவீதியில நஞ்சப்பங்கிட்டப் போங்கன்னு சொல்லித்தான் உங்களை அனுப்பிச்சிருப்பாங்க, எனக்குத் தெரியாதா? டைரக்ட் நஞ்சப்பன்னுதானுங்க எனக்குப் பேரே. பைக்குல சைடு ஸ்டாண்டு போட்டா எஞ்சின் நின்னுக்குதா, அந்தச் சுவிட்ச்சைக் கழட்டி எறிஞ்சுட்டு ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி உட்டுருவேன். கிளச்சைப் புடிச்சாத்தான் டிராக்டரு ஸ்டார்ட் ஆகுதா, அதையும் முறுக்கி உட்டுருவேன். பதினெட்டு வருசமா இதே சோலி. புதுச் சுவிட்ச்சு வேணும்னா கோயமுத்தூர்ல சொல்லிவெச்சு நாலு நாள் காத்திருக்கோணும். முறுக்கி உடறதுக்குப் பத்து நிமிசம். ஆரு காத்திருப்பாங்க, சொல்லுங்க?

உங்க வண்டியும் அதே ரகம்தானுங்க. புல்லு வெட்டற குட்டி டிராக்டரு. மேல ஆளு உக்காந்து ஓட்டோணும், வண்டிக்கு வயித்துக்கடியில பிளேடு சுத்தும். பிளேடு சுத்தறப்ப ஆளு சீட்டை உட்டு எந்திரிச்சா எஞ்சின் தானா நின்னுக்கும். கல்யாண மண்டபத்துப் புல்லு, நாளைக்கு முகூர்த்தம், அவசரம், எல்லாம் புரியுதுங்க. ஓட்டறவன் ஒல்லிப்பிச்சான், குலுங்கறப்பெல்லாம் வண்டி நின்னு நின்னு போகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே முடியாதுன்னுட்டேன்.

அக்கட்ட பாருங்க. வேப்பமரத்துக்குக் கீழ, நீலச் சட்டை. ஒரு சீட்டைக் கவுத்துப்போட்டு இடது கையில ஸ்பிரிங் மாட்டிட்டிருக்கறானே, அவன் என்ற தம்பி. குழந்தைசாமி. முப்பத்திநாலு வயசாகுது, நாங்க இன்னும் கொழந்தைன்னுதான் கூப்புடறோம். கூப்புடறோம்னா என்ன, அவனுக்குக் காது கேக்காதுங்க. பேச்சும் வராது. பொறந்ததுல இருந்தே அப்படித்தான்.

இல்லீங்க, நீங்க மெதுவாப் பேச வேண்டியதில்லை. உதட்டைப் பாத்தா சித்த புரிஞ்சுக்குவான், ஆனா நான் நிக்கற பக்கம் அவன் திரும்பவே மாட்டான். மூணு மாசமாச்சுங்க அவன் என்ற மூஞ்சியைப் பாத்து. ஒரே ஊடு. பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் சோறு திங்கறோம். நான் கையைத் தூக்குனாப் போதும், கண்ணை மூடிக்குவான். காது கேக்கற தம்பியா இருந்தா அவன் கதவைச் சாத்திக்கிட்டாலும் வெளிய நின்னு கத்தியாச்சும் சொல்லிப்போடலாம். இவன் கண்ணை மூடிக்கிட்டா நான் எதுல போயிச் சொல்லறது?

என்ற மேல தப்பு இருக்குதுங்க, நான் இல்லைங்கல. ஆனா முழுசும் என்ற தப்பு இல்லை. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எட்டு வருசம் அவன் இந்தக் கடையிலதான் என்றகூட இருந்தான். நல்ல வேலைக்காரன். ஆனா வாரவன் போறவனெல்லாம் எங்கிட்டப் பேசுவான், இவனைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிருவான். ரோட்டுல வண்டி ஓட்ட நான் உடமாட்டேன், பின்னால ஆரன் அடிச்சா என்னத்தைக் கேப்பான்? அப்படி இருக்கறப்பதானுங்க ஆனைமலை போற வழியில ஒரு ரிசார்ட்டுல, பேரு வேண்டாம், புல்லு வெட்டற வண்டிக்கு ஆளு வேணும்னாங்க. பேட்டரி மாத்தப் போனப்ப இவனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். மேனேஜரு பிரபாகரு சும்மா ஓட்டச் சொல்லிப் பாத்தாரு. இவன் ரண்டு சுத்து சுத்திட்டு எறங்கறான், நூல் புடிச்ச மாதிரி இருக்குது புல்லு. மறுநாளே வரச் சொல்லிட்டாங்க.

அவன் சந்தோசத்தைப் பாக்கோணுமே. பச்சைச் சட்டை, தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸு. சுலோச்சனாகிட்ட, அது என்ற சம்சாரமுங்க, அவகிட்ட தினமும் பொழுதோட வந்து அன்னைக்கு எத்தனை சுத்து, எங்க பாம்பு வந்துச்சு, எந்த வெள்ளைக்காரி கை தட்டுனான்னு பத்து விரல்லயும் கதை சொல்லுவான். அவன் கைப் பேச்சு வேகமுங்க. எனக்கே பாதி புடிபடாது, அவ புடிச்சுக்குவா.

அந்த வண்டியில அவனுக்கு ரொம்பப் புடிச்சதே சீட்டுச் சுவிட்ச்சுதான். எங்கிட்ட ஒருநாள் காட்டுனான். சீட்டைத் தட்டுனான், அவன் காதைத் தொட்டான், மறுக்காவும் சீட்டைத் தட்டுனான். அதுதான் அவன் காதாம். கீழ எறங்கிட்டா எஞ்சின் ஓடுதா நின்னுருச்சான்னு அவனுக்கு ஆரு சொல்லுவா? அந்தச் சீட்டுச் சொல்லும். எறங்குனா நின்னுருச்சுன்னு அர்த்தம். அம்புட்டு நம்பிக்கை அதும்மேல.

ஆனா ஆளு நாப்பத்திமூணு கிலோ. அந்த வண்டி செஞ்ச ஊருல எல்லாரும் மலை மாதிரி இருப்பாங்களாட்ட இருக்குது. இவனை ஒரு ஆளாவே அந்தச் சீட்டு மதிக்கல. அந்த ரிசார்ட்டு முன்னாடி தென்னந்தோப்புங்க, மரத்தைப் புடுங்கிப் புடுங்கிக் குழியை மூடிப் புல்லு போட்டிருக்கறாங்க. எங்க பாத்தாலும் மேடும் பள்ளமும். குண்டி அரை இஞ்சு தூக்குச்சுன்னா எஞ்சின் நின்னுக்கும். பொறவு பிரேக்கை மிதி, பிளேடு சுவிட்ச்சை அமுத்து, சாவியைத் திருப்பு. ஒரு சுத்துக்குப் பத்து தடவை. காலையில முடியற வேலை மத்தியானமாச்சு, மத்தியானம் முடியற வேலை பொழுதாச்சு.

அதுக்கு அவனா ஒரு வழி கண்டுபுடிச்சான் பாருங்க. சுலோச்சனாவோட பழைய பாவாடைத் துணியில நீளமாப் பை தெச்சு, மணலை ரொப்பி, இடுப்பைச் சுத்திக் கட்டிக்கிட்டான். ஆறேழு கிலோ இருக்கும். வண்டி நிக்கறதே இல்லை. கீழ எறங்குனா மணலும் அவன்கூட எறங்கிரும், எஞ்சின் நின்னுக்கும். நான் பதினெட்டு வருசம் ஒயரைக் கட்டிப் பொழைக்கறேன், எனக்கு அந்த யோசனை வரலை.

ஆனா பாக்கறதுக்கு எப்படி இருக்குங்க? ஒல்லியா ஒருத்தன், கர்ப்பிணி மாதிரி வயித்தைக் கட்டிக்கிட்டு. தங்க வந்தவங்க போட்டோ எடுத்துச் சிரிச்சாங்க. தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைங்க எத்தனை மாசம்னு கேட்டுச் சிரிச்சாங்க. இவனும் கூடச் சேந்து சிரிச்சிட்டு, ஒம்பதுன்னு விரலைக் காட்டறான். எனக்குத்தானுங்க பொறுக்கலை. சின்ன வயசுல இருந்து இவனைப் பாத்துச் சிரிச்சவன் பல்லையெல்லாம் நாந்தான் பேத்திருக்கறேன். கடைசியில மேனேஜரு மணல் பையைக் கழட்டச் சொல்லிட்டாரு. எனக்கு ஆளு உட்டுக் கூப்புட்டாரு.

"நஞ்சப்பா, உன் தம்பி தங்கமான பையன்தான். வண்டி அவனுக்கு ஒத்து வரலை. திங்கக்கிழமை வேற ஆள் வரான்"னாரு.

எனக்குப் பொக்குனு போயிருச்சு. பச்சைச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு மறுக்காவும் வந்து இந்த மூலையில உக்காருவானே, அதை நெனைச்சா தாங்கமாட்டலை. ஞாயித்துக்கெழமை ஒருநாள் டைம் குடுங்க, வண்டியை நான் சரி பண்ணித் தாரேன்னுட்டேன். அவருக்கென்ன, சரின்னுட்டாரு.

ஞாயித்துக்கெழமை ரண்டு பேரும் போனோம். சீட்டைத் தூக்குனேன், சுவிட்ச்சைக் காட்டுனேன், ரண்டு விரலையும் முறுக்கிக் காட்டுனேன். எட்டு வருசம் எங்கிட்ட இருந்தவன், டைரக்டுன்னா அவனுக்குத் தெரியாதா? என்ற மணிக்கட்டைப் புடிச்சு அக்கட்டால தள்ளி உட்டான். வேண்டாங்கறான். காதைத் தொடறான், சீட்டைத் தட்டறான். நான் என்ன சொன்னாலும் அதையேதான். எனக்குக் கோவம் வந்துருச்சு. உன்ற வேலைக்காகத்தானடா நாயா அலையறேன், எனக்கே பாடம் எடுக்கறயான்னு கண்டபடி திட்டிப்போட்டேன். நல்ல வேளை, அவனுக்குக் கேக்கலை.

அப்புறம் சரி, பழசு கெட்டுப்போச்சு, அதான் நின்னு நின்னு போகுது, புதுச் சுவிட்ச்சே போட்டுத் தாரேன்னு சொன்னேன். போட்டேனுங்க. அதுல பொய்யில்லை. டூல்ஸ் பைக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு, வேற வண்டிக்கு வாங்குனது, டப்பாவோட. அவன் கண்ணு முன்னாலயே பிரிச்சு, சீட்டுக்கு அடியில ரண்டு திருகாணி போட்டு மாட்டுனேன். பளபளன்னு இருந்துச்சு. ஒயரை மட்டும் அதுக்குக் குடுக்கலை, குடுத்தா இவன் எடைக்கு அதுவும் நின்னு நின்னுதான் போகும். அவனைத் தண்ணி கொண்டாரச் சொல்லி அனுப்பிச்சுட்டு, ரண்டு ஒயரையும் பின்னால முறுக்கி டேப்பைச் சுத்திட்டேன். சுவிட்ச்சு அது பாட்டுக்கு இருக்கும், வண்டி இது பாட்டுக்கு ஓடும்.

இதுல என்னங்க தப்பு? நிமிசத்துக்கு ஒருக்கா நின்னா வேலை போகும். நிக்காம ஓடுனா வேலை நெலைக்கும். நான் வேலையைப் பாத்தேன்.

திங்கக்கிழமை ஓட்டுனான், நிக்கலை. செவ்வாக்கெழமை ஓட்டுனான், நிக்கலை. மேனேஜரு தோளைத் தட்டிக் குடுத்தாராம். ஊட்டுக்கு வந்து என்ற கன்னத்தைப் புடிச்சு ஆட்டிக் கொஞ்சிட்டுப் போனான்.

புதங்கெழமை மழை. ஈரப்புல்லு பிளேடு கூண்டுக்குள்ள அடைச்சுக்கிச்சு. பிரேக் போட்டு வண்டியை நிறுத்திட்டுக் கீழ எறங்கி, குனிஞ்சு, வலது கையை உள்ள உட்டுட்டான்.

சாவியை அணைச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. ஏனுங்க அணைக்கோணும்? எறங்குனா நின்னுக்கும். புதுச் சுவிட்ச்சு. அண்ணன் போட்டது.

வலது கையில கட்டைவிரல் மட்டுந்தான் மிச்சம். நாலும் போயிருச்சு. உங்களுக்கும் எனக்கும் வெரலு போனா வேலைதாங்க போகும். அவனுக்குப் பேச்சே போயிருச்சு. இப்ப சுலோச்சனாகிட்டக் கதை சொல்லறதில்லை. சோறு வேணும், போதும், தூங்கப் போறேன், அம்புட்டுத்தான். பாதியில தேடறான், அந்த வார்த்தைக்கு வலது கை வேணும், கையைப் பாக்கறான், உட்டுட்டுப் போயிடறான். அவ அடுப்படியில போயி அழுவா.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில நாப்பது நாள். நாந்தானுங்க கூட இருந்தேன். கடையைச் சாத்திட்டு, பீ மூத்திரம் மொதக்கொண்டு நாந்தான் எடுத்தேன். அதை ஆரும் சொல்ல மாட்டாங்க.

ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தரு போயி வண்டியைப் பாத்தாராம். சீட்டைத் தூக்கிப் பாத்திருக்கறாரு, பளபளன்னு புதுச் சுவிட்ச்சு இருந்திருக்குது. வண்டி மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிட்டாரு. மேனேஜரு என்ன பண்ணுனாருன்னா, காது கேக்காதவனை வண்டியில ஏத்துனது அவரு தப்பாம், எஞ்சின் ஓடறது தெரியாமக் கையை உட்டுட்டான்னுட்டாரு. அவரு எங்கிட்டத் திரும்பி, அப்படித்தானே நஞ்சப்பான்னாரு. நான் தலையை ஆட்டுனேன். வேற என்ன பண்ணச் சொல்லறீங்க? பத்துப் பேரு நிக்கறாங்க.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்த சொந்தம் ஒறம்பரையெல்லாம் அதேதான். பாவம், காது மட்டும் கேட்டிருந்தான்னா. வாரவன் ஒவ்வொருத்தனும் காதைத் தொட்டுக் காட்டி உச்சுக் கொட்டறான். இவன் கட்டில்ல படுத்துட்டு அதையெல்லாம் பாக்கறான். வாயைப் பாக்க வேண்டியதே இல்லீங்களே, எல்லாரும் கையிலயேதான் சொல்லறாங்க. ஒருநாள் அவங்க போன பொறவு, கட்டுப் போட்ட கையாலயே அவன் காதுல அடிச்சுக்க ஆரம்பிச்சான். இந்தக் காதுதான், இந்தக் காதுதான்னு மாத்தி மாத்தி அடிக்கறான். கட்டெல்லாம் ரத்தம். நர்சம்மா ரண்டு பேரு வந்து அமுக்கிப் புடிச்சாங்க. நான் கால்மாட்டுல நின்னுட்டிருந்தேன்.

அப்பச் சொல்லியிருக்கலாமுங்க. சொல்லத்தான் நெனைச்சேன். புண்ணோட கெடக்கறவங்கிட்ட எப்படிச் சொல்லறது? ஆறட்டும்னு இருந்தேன். ஆறிருச்சு. ஆறுனதுக்கப்புறம் என்னத்துக்குக் கெளறறதுன்னு இருந்துட்டேன். அவன் நல்லதுக்குத்தானுங்க.

ஊட்டுக்கு வந்து பத்துப் பதினஞ்சு நாள் ஆயிருக்கும். பச்சைச் சட்டையைத் துவைச்சு மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, திருப்பிக் குடுத்துட்டு வாரேன்னு சுலோச்சனாகிட்டச் சைகை காட்டிட்டு பஸ் ஏறிப் போனான். நான் கடையில இருக்கறேன், மத்தியானம் மூணு மணி இருக்கும், நேரா எங்கிட்ட வாரான். என்ற கையைப் புடிச்சு விரிச்சான். உள்ளங்கையில எதையோ வெச்சான். பாத்தா, கருப்பு டேப்பு. சுருண்டு போயி ஒரு துண்டு.

நான் டேப்புச் சுத்தி முடிக்கறப்ப நுனியைச் சித்த மடிச்சு உடுவேனுங்க, அடுத்த தடவை பிரிக்கறதுக்குச் சுலுவா இருக்கும். பொள்ளாச்சியில வேற எவனும் அப்படி மடிக்க மாட்டான். எட்டு வருசம் எனக்கு டேப்புக் கிழிச்சுக் குடுத்தவன் அவன். ஷெட்டுல அந்த வண்டி மூடிக் கெடந்திருக்குது, சீட்டைத் தூக்கிச் சுவிட்ச்சுக்குப் பின்னால கையை உட்டுப் பாத்திருக்கறான்.

என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னான். கோவமா இருந்தாச் சரின்னு வாங்கிக்கலாம். அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். சும்மா பாத்துட்டு நிக்கறான், நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு. நாந்தானுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பொறவு நிமுந்து, கையைத் தூக்கி ஆரம்பிக்கறேன், அவன் கண்ணை மூடிட்டான். அன்னைக்கு மூடுனதுதான்.

சுலோச்சனா என்ன சொல்லறான்னா, அவன் கைக்காகக் கோவிச்சுக்கலையாம். ஆஸ்பத்திரியில அவன் காதுல அடிச்சுக்கறப்ப நான் பாத்துட்டு நின்னேனே, அதுக்காம். அவகிட்ட அப்படிச் சொல்லியிருக்கறான், மிச்சமிருக்கற கையில. எனக்கு அது புரியலைங்க. நான் எங்கீங்க சும்மா நின்னேன்? நாப்பது நாள் கூடவே கெடந்தேனே.

இன்னொண்ணு இருக்குதுங்க. இதை அவகிட்டயும் சொன்னதில்லை. உங்களை எனக்கு ஆருன்னே தெரியாது, அதனால சொல்லறேன்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழமை வேலை முடிஞ்சு டூல்ஸையெல்லாம் பையில போட்டப்ப, அவன் சீட்டுல ஏறி உக்காந்தான். பொறவு எறங்கறாப்பல ஒரு காலைக் கீழ வெச்சுட்டு, என்னைப் பாத்துக் கையை விரிச்சான். எறங்குனா நின்னுக்கும்தானேங்கறான். பிளேடை ஓட்டிப் பாத்திருந்தா அவனுக்கே தெரிஞ்சிருக்கும். அவன் ஓட்டிப் பாக்கலை. எங்கிட்டக் கேட்டான். நான் தலையை ஆட்டுனேன். சும்மா ஆட்டலீங்க, சிரிச்சுட்டே ஆட்டுனேன்.

பொறவுதான் தெரியும், அந்தச் சீட்டுக்கு அடியில ஒரு மரை இருக்குதாம். திருகுனா ஆளு எடைக்குத் தக்கன ஸ்பிரிங் எளகிக்கும். நாப்பது கிலோக்காரனுக்கும் சுவிட்ச்சு வேலை செய்யும். இவன்தான் கண்டுபுடிச்சான், ஒத்தைக் கையில, இங்க சும்மா உக்காந்திருந்தப்ப. இப்ப சுத்துவட்டாரத்துல சீட்டு வேலைன்னா இவங்கிட்டத்தான் வாராங்க. உங்க வண்டியையும் அவனே பண்ணித் தருவான். அரை மணி நேரம் ஆகும், ஆனா சுவிட்ச்சு அதும்பாட்டுக்கு இருக்கும். நான் ஒயருல கையை வெக்கறதில்லைன்னு உட்டுட்டேன், பேட்டரி மட்டும் பாக்கறேன்.

எந்திரிச்சுட்டான் பாருங்க. உங்க வண்டியைப் பாக்கத்தான் வாரான். உங்க மூஞ்சியைப் பாப்பான், கடைக்கு வாரவங்களை நல்லாப் பாப்பான்.

ஏனுங்க, எனக்கு ஒரு ஒதவி பண்ணோணும். அவங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சைகை நான் காட்டித் தாரேன், கஷ்டமில்லை. இப்படிக் கையை நெஞ்சுல வெச்சு, அப்புறம் அவனைக் காட்டி, உங்கொண்ணன் உன்ற நல்லதுக்குத்தான்...

வேண்டாமுங்க. அது வேண்டாம். அது எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தாச்சு, அதுக்குத்தான் கண்ணை மூடறான்.

அவன் காதைக் கைகாட்டுங்க. பொறவு, இல்லைன்னு கையை ஆட்டுங்க. உன்ற காது இல்லைன்னு. அம்புட்டுத்தான். அப்புறம் என்னையக் கைகாட்டுங்க. நல்லா நீட்டிக் காட்டுங்க, கூச்சப்படாதீங்க. உங்க வெரலு எங்க போகுதுன்னு பாக்கறதுக்காச்சும் அவன் இந்தப் பக்கம் திரும்பித்தானுங்களே ஆகோணும்.